திரையைத் திருப்பச் சொன்னவள்

சுவிஸ் கடைகளில் தக்காளியை நாமே நிறுத்து, விலைச்சீட்டையும் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்க ஒருவரும் இல்லை. வந்து மூன்று வருடமாகியும் என் மனைவி சாந்தினிக்கு இது பழகவில்லை. பையை எடுத்து மறுபடி வைப்பாள். இரண்டு முறையும் ஒரே எடை வந்தால்தான் நகர்வாள்.

இலங்கையின் டயகமவில் அவள் தேயிலைக் கொழுந்து பறித்தவள். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துவிட்டு ஓர் எடையைச் சொல்வார். தராசு முள் நின்ற இடத்தை எட்டிப் பார்க்காதவளுக்கு அவர் சொன்னதுதான் எடை. ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மாவும் அப்படித்தான் எட்டிப் பார்த்தார். நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளி முடித்தவன். எழுதிக் கொடுத்த எண்ணை நம்பப் படித்தவன்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறோம். கிடைத்தவை இரண்டு கருக்கள். முதலாவதை வைத்தார்கள், தங்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "சில நேரம் அப்படித்தான்," என்றார் டொக்டர். மிஞ்சிய ஒன்றை உறையவைத்திருக்கிறார்கள். அதை வைக்குமுன், கருப்பையின் உட்சவ்வு போதிய தடிப்பாக வளர்ந்திருக்கிறதா என்று போன வாரம் ஸ்கேன் பார்த்தார்கள். மெல்லியதாக இருந்தால் கரு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்புக் குறைவாம்.

"ஆறு மில்லிமீட்டர். குறைந்தது ஏழு வேண்டும்," என்றார் நர்ஸ். திரை அவர் பக்கம் இருந்தது. சாந்தினி அதைக் கைகாட்டினாள்.

"பார்க்க இன்னும் ஒன்றும் இல்லையே," என்று நர்ஸ் அவள் கையை அன்பாகத் தட்டினார். குழந்தையைத் தேடுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

"என்னங்க, நான் புள்ளயப் பாக்க இல்ல, அளவப் பாக்கணும்னு சொல்லுங்க."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"தராசு எப்பங்க பொய் சொல்லிச்சு? வாசிச்சவங்கதானே சொன்னாங்க!"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். டொக்டரே வந்து திரையைத் திருப்பி, சவ்வின் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்து அளந்தார். ஆறுக்கும் சற்றுக் குறைவு. அளப்பவரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும் என்றார். மருந்தைக் கூட்டி, அடுத்த மாதம் பார்க்கலாமாம்.

"கொறச்சல்தான். கண்ணால பாத்துட்டேன்," என்றாள் சாந்தினி. பிறகு மெல்ல, "போன தடவ வைக்கிறப்ப எவ்வளவுன்னு கேளுங்க. அப்பவும் திரை அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

கேட்டேன். டொக்டர் கணினியைப் பார்த்து, "போதுமானது," என்றார். எண்ணைச் சொல்லவில்லை. என்னையறியாமல் என் கழுத்து நீண்டது. மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

ஏழு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளிடம் சொன்னேன்.

"ரொம்பச் சரியா இருக்கே," என்றாள் சாந்தினி.

செய்தி கேட்க ஊரிலிருந்து அம்மா போன் எடுத்தார். "அப்ப புள்ள இப்ப எங்கய்யா இருக்கு?"

"இங்க, ஐஸ்லதாம்மா."

"தனியாவா?"

எங்கள் வீசாவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் மூவரில் இந்த நாட்டில் அசையாமல் தங்கியிருப்பது அந்தக் கரு ஒன்றுதான். அதைத்தான் எட்டிப் பார்க்க வழியில்லை.