மூன்றாவது கியரின் ஊளை

"வண்டியில கை வச்சிருக்கீங்க சார்."

சர்வீஸ் மேலாளர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. பானட்டைத் தூக்கி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய ஓர் இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். செத்த எலியைக் காட்டுவது போல.

நான் பேசாத ஆள். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் "பரவாயில்லைங்க" என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன். அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். ஆனால் கோபம் அடங்கவில்லை. ஏனென்றால் அந்த வண்டியை நான் பார்த்துக்கொண்டது போல எவனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

அது ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா காலத்திலிருந்து கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்த குடும்பம். அப்பாவுக்குப் பிறகு நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் வளைகுடாவில் அடுத்தவன் வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு, தலை நரைக்கத் தொடங்கியபோது ஊருக்குத் திரும்பிச் சொந்தமாக இதை வாங்கினேன். கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களைத் திருச்சி விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவது, வருகிறவர்களைக் கூட்டிவருவது. அதுதான் தொழில். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. வாரண்டி என்பது எனக்குக் காகிதத்தில் இருக்கிற சலுகை இல்லை, தலைக்கு மேல் இருக்கிற கூரை.

வாங்கிய புதிதிலேயே ஒரு குறை தெரிந்தது. ஒருவர் வெளிநாடு போனால் வழியனுப்ப ஐந்து பேர் ஏறுவார்கள். ஒருவர் வந்து இறங்கினால் போர்வை, பால்பவுடர், தைலம் என்று கேரியர் கொள்ளாமல் பெட்டிகள் ஏறும். எங்கள் பக்கம் முழுக்கத் தட்டைப் பூமி, அதுவரைக்கும் ஒன்றும் தெரியாது. தஞ்சாவூர் தாண்டி வல்லம் மேடு வந்ததும் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு முக்கும். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். ஏறியிருப்பவர்களோ விமானத்துக்கு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

தஞ்சாவூரில் ஒரு பட்டறைக்காரர் வழி சொன்னார். "அண்ணே, தீப்பெட்டி அளவுல ஒரு டப்பா. வண்டி கம்ப்யூட்டர்ல சொருகிட்டா போதும், வண்டி அவுத்துவிட்ட காளை மாதிரி போவும். சர்வீஸுக்குப் போறப்ப கழட்டி வீட்ல வச்சிட்டுப் போங்க. கம்பெனிக்காரனுக்கு எங்க தெரியப் போவுது?"

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா அப்பப் பாத்துக்கலாம்."

அப்பப் பாத்துக்கலாம் என்று சொன்னவன் எவனும் அப்போது பக்கத்தில் இருந்ததில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வாரண்டிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. மகளை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். கேட்டபிறகு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கம்பெனி தானே விற்று, தானே மாட்டித் தருவதை மட்டும் மாட்ட வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது. ஒரு ஒயரில்கூடக் கத்தி படக் கூடாது. அதே வண்டியை ஆம்புலன்ஸாக விற்கும்போது பின்பக்கத்துக்குக் கனமான ஸ்பிரிங் போடுகிறார்கள் என்று பார்ட்ஸ் கவுண்டரில் தெரிந்துகொண்டு, அதையே வரவழைத்து, அவர்கள் கையாலேயே மாட்டவைத்தேன். அதே அளவில் அதிகப் பாரம் தாங்கும் டயர் போட்டேன். முன்னால் அழகுக்கு வைத்திருந்த இரும்புக் கம்பியைக் கழற்றி எடையைக் குறைத்தேன். இரும்புக் கேரியர் போய் அலுமினியக் கேரியர் வந்தது. சம்பா அறுவடைக் காலத்தில் எங்கள் சாலைகளில் பதரும் தூசியும் பறக்கும் என்பதால், அவர்கள் சொன்ன கெடுவுக்கு முன்பே ஏர் ஃபில்டரை மாற்றினேன்.

ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கு நான்தான் வேடிக்கை. "என்ன மாமா, ஜாதகம் பாத்துட்டுத்தான் நட்டு முடுக்குவீங்களா?" என்பார்கள். சிரித்துக்கொண்டு போய்விடுவேன். முழுப் பாரத்தோடு வல்லம் மேட்டில் மூன்றாவது கியரில் வண்டி முக்காமல் ஏறிய நாளில், அந்தச் சிரிப்பு நிஜமாகவே எனக்கு வந்தது.

கொஞ்ச மாதத்தில் அதே மூன்றாவது கியரில் ஒரு சத்தம் தொடங்கியது. தூரத்தில் நாய் ஊளையிடுவது போல. இரண்டாவது சர்வீஸில் சொன்னேன். "புது வண்டி சார், ஓட ஓடச் சரியாயிடும்" என்றார் இதே மேலாளர். எழுதிக்கொள்ளக்கூட இல்லை. நானும் பரவாயில்லைங்க என்று வந்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் எங்கள் ஊர் வயல்களில் எரிவாயுக் குழாய் புதைக்க வந்தார்கள். கதிர் வாங்கி நின்ற பயிரின் நடுவே இயந்திரம் இறங்கியது. நிலம் கோயிலுடையது என்பதால் இழப்பீடு கோயிலுக்குப் போகும். சாகுபடி செய்கிறவனுக்குக் கருணைத் தொகை என்றார்கள். கருணை! வியர்வை எங்களுடையது, கருணை அவர்களுடையது. வாய்க்கால் ஓரம் பந்தல் போட்டு ஊர் உட்கார்ந்தது. தம்பி முன்வரிசையில் இருந்தான்.

ஊர் ஊராகப் போய் அறிவிப்புச் செய்ய வண்டி வேண்டும். வழக்கமாக வருகிற ஆட்டோக்காரர் போலீஸுக்குப் பயந்து வரவில்லை. தம்பி என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஒரு நாளைக்குத்தான். நீயே ஓட்டு."

ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியில் உட்கார்ந்து ஊரெல்லாம் என்னைப் பார்க்க ஓட்டுவதா? எனக்குக் கூச்சம். சாவியை அவன் கையில் கொடுத்தேன். ஆனால் அவனுடைய டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்து, மைக் செட்காரரிடம் சொன்னேன்: "இதுலேருந்துதான் கரண்ட் எடுக்கணும். வண்டி ஒயர்ல கத்தி படக் கூடாது."

"படாதுங்க. நான் என்ன நேத்தா மைக் கட்டுறேன்?"

மத்தியானத்துக்குள் டிராக்டர் பேட்டரி படுத்துவிட்டது. பாதி ஊர்தான் முடிந்திருந்தது. அவர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒயரை வெட்டி அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்துவிட்டார். சாயங்காலம் பானட்டைத் திறந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

"ஒரு சாண் ஒயர்தாங்க," என்றார் மைக் செட்காரர். "டேப் சுத்தியிருக்கிற நேர்த்தியப் பாருங்க. என் பொண்டாட்டிக்குக்கூட நான் இப்படிப் பூ வச்சுவிட்டதில்ல."

தம்பி என் முகத்தைப் பார்த்தான். "ஏண்ணே, ஊரே போவுது. ஒனக்கு ஒயரா பெருசு?"

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அடுத்த சவாரியில் ஊளை அலறலாக மாறியது. மூன்றாவது கியர் போட்டால் உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் மேலாளர் டேப்பைக் கண்டுபிடித்தார், கியர் பாக்ஸ் பக்கம் குனிந்துகூடப் பார்க்காமல்.

"ஒயரிங்ல கை வச்சா மொத்த வாரண்டியும் போச்சு சார். ஸ்பிரிங் வேற மாத்தியிருக்கீங்க."

"அது நீங்கதானே மாட்டினீங்க" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். விமான நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தவர்களுக்கெல்லாம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போன் செய்தேன். அந்தப் போன்கள் ஒவ்வொன்றும் கன்னத்தில் அறை.

எங்கள் பக்கத்தில் ஓர் அலுவலகத்துக்கும் யாரும் தனியாகப் போவதில்லை. தாசில்தார் ஆபீஸானாலும் ஆஸ்பத்திரியானாலும் கரை வேட்டி கட்டிய ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் வேட்டியின் கரைதான் மாறும், வழக்கம் மாறாது. மனைவியும் அதைத்தான் சொன்னாள். "ஏங்க, ஒன்றியத்தப் போய்ப் பாருங்களேன். கொடி கட்டுன வண்டியா இருந்தா அவன் இப்படிப் பேசுவானா?"

போனேன். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் நன்றாகத்தான் உட்காரச் சொன்னார். டீ வந்தது. முழுக்கக் கேட்டார்.

"இதுக்கா இவ்ளோ வாடிப்போயி வந்திருக்க? ஒரு போன்ப்பா. சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்துடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒன் தம்பிய மட்டும் அந்தப் பந்தல்லேருந்து எழுந்து வரச் சொல்லு. அண்ணன் சொன்னா கேப்பான்ல?"

டீ கையில் இருந்தது. குடிக்காமல் கீழே வைத்தேன். எழுந்து கும்பிட்டேன். "வரேங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். எடுத்துக்கொள்ளட்டும். தம்பியிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

மறுநாள் தனியாக ஷோரூமுக்குப் போனேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது எல்லாம் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் பறந்துவிட்டது. அன்று முகூர்த்த நாள். ஒரு குடும்பம் புது வண்டி எடுக்க வந்திருந்தது. என் வண்டி ரகம்தான். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக இருந்தது. "பனி விளக்கு மாட்டி முடிச்சதும் எடுத்துரலாம் சார்" என்று மேலாளர் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அந்த வண்டியைப் பார்த்தேன். பானட் திறந்திருந்தது. ஷோரூம் எலக்ட்ரீஷியன் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஒயரை வெளியே இழுத்து, வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். அதே இடம். அதே ஒயர். மைக் செட்காரர் சுற்றியதில் பாதி நேர்த்திகூட இல்லை.

எனக்குள் ஏதோ அறுந்தது.

"அது யாரு கை?"

கூடம் முழுக்கத் திரும்பியது. அந்தக் குரல் என்னுடையதுதான் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது.

"சார், கொஞ்சம் உள்ள வாங்க, பேசிக்கலாம்," என்று மேலாளர் அருகே வந்தார். "சத்தம் போடாதீங்க."

"எனக்குச் சத்தமே வராது சார். என் வண்டி போடுது, அதக் கேக்க மாட்டேங்கிறீங்க. இந்த வண்டிக்கு இப்ப வாரண்டி போச்சா? இவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

மாலை போட்ட வண்டியின் சொந்தக்காரர் மேலாளரைப் பார்த்தார். "என்ன சார் சொல்றாரு?"

"இல்ல சார், இது எங்க ஆளு செய்யிறது..."

"ஒங்க ஆளு வெட்டுனா ஒயருக்கு வலிக்காதா?" என்றேன். "வயித்து வலின்னு ஆஸ்பத்திரிக்கு வந்தா, மொட்டை அடிச்சிருக்க, வைத்தியம் கெடயாதுங்கிறீங்க. ஒயருக்கு நான் வாரண்டி கேக்கல. வெட்டுனது எங்க ஊர் ஆளு, அதுக்கு நான் பொறுப்பு. கியர் பாக்ஸுக்குப் பதில் சொல்லுங்க. ஒயர் வெட்டுறதுக்கு முன்னாடியே அது ஊளையிட்டுச்சு. ஓட ஓடச் சரியாயிடும்னு சொன்னது நீங்க."

இவ்வளவையும் நான்தான் பேசினேன். ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

புது வண்டிக்காரர் அவர் பங்குக்குச் சொன்னார்: "சார், நம்ம வண்டி கொஞ்சம் இருக்கட்டும். மொதல்ல அவருக்குப் பதில் சொல்லுங்க. நாளைக்கு நானும் இங்கதானே வரணும்."

கியர் பாக்ஸை இறக்கினார்கள். உள்ளே ஒரு பேரிங் தேய்ந்து நீலம் பாரித்திருந்தது. கம்பெனியிலிருந்து வந்த பாகத்திலேயே கோளாறு என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் யாரும் என்னிடம் சிரிக்கவில்லை.

வண்டி எடுக்கப் போனபோது ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இந்தத் தடவை பக்கத்தில் மகள் இருந்தாள். படித்துச் சொன்னாள். வாரண்டி என்ற சொல்லே அதில் இல்லை. 'நல்லெண்ண அடிப்படையில் பழுது சரிசெய்து தரப்பட்டது' என்று இருந்தது.

கருணைத் தொகை ஞாபகம் வந்தது. இது வேறு ஆள், வேறு மேசை, அதே புத்தி. நமக்குச் சேர வேண்டியதை நமக்குப் பிச்சை போல எழுதிக் கொடுப்பது.

"நல்லெண்ணம் வேண்டாம். வாரண்டின்னு எழுதுங்க," என்றேன்.

"வேலைதான் முடிஞ்சிருச்சே சார். வார்த்தையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னா மாத்திக் குடுங்க."

என்னை வெகுநேரம் காக்கவைத்தார்கள். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான், மகளுக்குத்தான் கால் வலித்தது. கடைசியில் வேறு தாளில் எடுத்துவந்தார்கள். வாரண்டி என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வழக்கமாக எல்லோரிடமும் சொல்கிற நன்றியை அன்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மூன்றாவது கியரில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் இறங்கவில்லை. ஊருக்குள் நுழையும்போது பந்தல் இன்னும் இருந்தது. தம்பி எழுந்து வந்து ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான்.

"என்னண்ணே, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு," என்றேன். "ஒம் பேட்டரிய நல்லா சார்ஜ் போட்டு வையி. அடுத்த தடவை வண்டிய நானே ஓட்டுறேன்."