தொட்டிக்குள் ஓட்டம்

தோழிகளே, நான் கிணற்றில் விழவில்லை, புத்தியும் பேதலிக்கவில்லை. என் கணவர் தோட்டத்தில் கட்டிவிட்டுப் போன பெரிய தண்ணீர்த் தொட்டியில், மார்பளவு நீரில், தினமும் காலையில் ஓடுகிறேன். டாக்டர் சொன்ன பயிற்சி அது.

இன்று டாக்டரிடம் போகும் வழியில், உக்கடம் பஸ்ஸில், பக்கத்துத் தோட்டத்து ராஜாமணி எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஏனுங்க்கா, தொட்டிக்குள்ளயே ஓடி எந்த ஊருக்குங்க போறீங்க?"

"ஆபரேஷனுக்குப் போகாம இருக்கத்தான் ஓடறேன் அம்மணி."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

தரையில் நாலடி வேகமாக வைத்தால் முழங்காலில் ஊசி குத்தும். தண்ணீரில் உடம்பின் பாரம் காலில் இறங்குவதில்லை. மூச்சு வாங்குகிறது, தொடை களைக்கிறது. முழங்கால் மட்டும் முனகுவதில்லை.

டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாமுங்கம்மா. ஓட்டத்த மட்டும் உட்டுறாதீங்க."

வெளியே வந்து, சர்க்கரை போட்டே ஒரு காபி குடித்தேன்.

இனி ஒரே சிக்கல், புடவை. நீரில் காலைச் சுற்றிக்கொள்கிறது. வேறு எதை உடுத்தினாலும் ராஜாமணி வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். நம் வயதுக்கு, மரியாதை குறையாமல், தண்ணீரில் ஓட என்ன உடுத்தலாம்?

போனில் சொல்ல வேண்டாம், ராஜாமணி காதில் விழுந்துவிடும். தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.