உஸ் அக்கா

கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது; அப்படி இருந்தால்தான் காது நன்றாகக் கேட்குமாம். இடது கையில் சோப்புத் தண்ணீர்ப் புட்டி. வலது கை, சுவரோடு ஓடும் இரும்புக் குழாயைத் தடவிக்கொண்டே வருகிறது. சாப்பாட்டு நேரம். இரும்புப் பாளங்களை உருட்டிக் கம்பியாக்கும் எந்திரங்கள் அரை மணி நேரம் சும்மா கிடக்கின்றன. எதிரே வருகிறவர்கள் பேச்சை நிறுத்தி, தாமாகவே ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

ஆலையில் அவருக்கு உஸ் அக்கா என்று பெயர். அழுத்தக் காற்று ஓடும் குழாய்களில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து அடைப்பது வேலை; சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அதற்கென்று ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அது அலமாரியில் சமர்த்தாகத் தூங்குகிறது. "அதுக்கு எல்லாமே ஒரே சத்தம். எனக்கு அப்படியில்ல" என்கிறார். கொசு, பாம்பு, மூக்கடைச்ச மாமனார் என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பெயர். மாமனார் என்று சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறார்.

"காத்துதானே, போனா போகட்டும்னு நெனைக்கிறாங்க. இதை அமுக்கி அனுப்ப எவ்வளவு கரண்ட்டு! அந்தக் கரண்ட்டுக்கு எங்கேயோ கரி எரியுது. இங்க உஸ்ஸுன்னா அங்க புகை." சொல்லிவிட்டு, கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தபடி நின்றுவிடுகிறார். பார்ப்பது தூசியையா காற்றையா, தெரியவில்லை. ஆலையைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற எனக்கும் கொஞ்ச நேரம் கால் தரையில் படாதது போலத்தான் இருந்தது.

இப்பேர்ப்பட்டவர் ஓர் ஓட்டையை மட்டும் மாதக்கணக்கில் அடைக்காமல் விட்டிருந்தார். பாளங்களைப் பழுக்கக் காய்ச்சும் உலையின் வாசலுக்கு எதிரே, குழாயில் ஆணியால் அடித்த ஓட்டை. அடித்தவர் அவருடைய சொந்த அண்ணன், உலைக்காரர். உலைச் சுவரின் அனல் தாங்காமல், நெஞ்சுக்கு நேரே காற்று வரும்படி செய்துகொண்டது. "இதை அடைச்சா நான் விழுந்துடுவேன்மா" என்றாராம் அண்ணன். போன கோடையில் உண்மையிலேயே மயங்கி விழுந்தவர் அவர்.

அடைத்தே ஆகவேண்டும் என்று பொறியாளர் ஒற்றைக்காலில் நின்றார். அக்கா மசியவில்லை.

"ரெண்டும் ஒரே ஓட்டைதான் சார். உலையோட உள்செங்கல் தேஞ்சுபோய் சுவர் வழியா சூடு ஒழுகுது. அது தாங்காம இங்க நிக்கிறவங்க காத்தை ஒழுக விடுறாங்க. முதல்ல சுவரைப் பாருங்க."

"உலையை நிறுத்தினா பத்து நாள் உற்பத்தி போயிடும்மா."

"நிறுத்தலைன்னா எங்கண்ணன் போயிடுவாரு."

மறுநாள் பொறியாளர் அண்ணனின் இடத்தில் தானே நின்று பார்த்தார். ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாதக் கடைசியில் உலையை அணைத்தார்கள். புதுச் செங்கல் அடுக்கி, வெப்பம் தாங்கும் பஞ்சு விரிப்பு போர்த்தி, மறுபடி பற்றவைத்தார்கள். எரிபொருள் முன்பைவிடக் குறைவாகத்தான் பிடிக்கிறது என்று ஆலை முழுக்கப் பேச்சு. ஆனால் சுவரின் அனல் குறைந்துவிட்டது என்று சொன்னால் அண்ணன் நம்புகிற ஆளில்லை. ஓட்டை அப்படியே இருந்தது.

நான் போயிருந்த அன்று, சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. "நீ போய் டீ குடிச்சிட்டு வாண்ணே" என்று அனுப்பிவிட்டு, அக்கா அவர் இடத்தில் போய் நின்றார். துணியை நாலாக மடித்து ஓட்டையின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். உலை வாசல் திறந்தது. சிவந்த பாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் மிதந்து வந்தன. அக்காவின் கண்கள் மூடியிருந்தன. நெற்றியில் வியர்வை துளிர்த்தது, வழியவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த அண்ணன், தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அந்தத் துணியின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.