கிளிப்புக்குள் விரல் இல்லை

சகலருக்கும் இதனால் அறியத்தருவது யாதெனில், நோயாளியின் விரலில் கிளிப் மாட்டி நாடியைக் காட்டும் மொனிட்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமது உயர்மட்டக் குழு ஒருவாறு தீர்மானித்துவிட்டது. வெள்ளவத்தையில் ஏழு தடவை கூடி, றோல்ஸும் பற்றிஸும் தின்று எடுத்த தீர்மானம். முதல் விதி: கிளிப்புக்குள் விரல் இல்லையென்றால் மெஷின் எதையும் காட்டக்கூடாது, பத்து விநாடிக்குள் அலாரம் அடிக்க வேண்டும். விரல் இல்லாத இடத்தில் நாடி இருக்காது என்று கண்டுபிடிக்க அத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

இனி வருவது நடந்தது. நம்பாதவர்கள் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தர்ஷனைக் கேட்கலாம். அவன் வாய் திறப்பானா என்பது வேறு விஷயம்.

தர்ஷன் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்ஜினியர். அவனுடைய மனைவி யதுஷா அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிடந்தாள். டெங்கு இதயத்தில் இறங்கியிருந்தது. அவளுக்கு மொனிட்டர் இல்லை. இருந்த பழையவையெல்லாம் வேறு கட்டில்களில். கீழே, பரிசோதனை அறையில், புத்தம்புதிதாகப் பன்னிரண்டு; குழுவின் முன்னால் தர்ஷன் அவற்றைச் சோதித்துக் காட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் பன்னிரண்டும் திரும்பிப் போய்விடும். அதுவும் விதிதான்.

பதினொன்று தேறின. மத்தியானம் ஆகிவிட்டது. பன்னிரண்டாவதின் வெறும் கிளிப்பை மேசையில் வைத்தான்.

பீப்.

திரையில் நாற்பத்துநான்கு.

"என்னடாப்பா இது? மேசைக்கு நாடி அடிக்குதோ?" என்றார் குழுத் தலைவர் சிவானந்தன். கூட வந்த இரண்டு உறுப்பினர்களும் கடமை தவறாமல் சிரித்தார்கள்.

"வெளிச்சமா இருக்கும், சேர்."

ஜன்னலை மூடினான். பீப். கிளிப்பின்மேல் கறுப்புத் துணி போட்டான். பீப். வேறு கிளிப் மாற்றினான். பீப். மெஷினை நிறுத்தி மறுபடி போட்டான். ஒரு மணித்தியாலம் இப்படியே போயிற்று.

"சேர், தேறினதில ஒண்டையாவது மேல விடுங்கோ. மனிசி அங்க ஒண்டுமில்லாமக் கிடக்கிறா."

"தம்பி, என்ர மனிசி எண்டாலும் இதைத்தான் சொல்லுவன். விதி எண்டா விதி." அவருடைய மனைவி அப்போது அவுஸ்திரேலியாவில் சுகமாக இருந்தாள். "இது அடங்காட்டி எல்லாத்தையும் பெட்டியில கட்டும்."

தர்ஷன் கிளிப்பின் வயரையே மெஷினிலிருந்து பிடுங்கினான்.

பீப்... பீப்...

நாற்பத்துநான்கு.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கிளிப் அவன் கையில் இருந்தது. அதன் உட்பக்கம் சூடாக இருந்தது. இளஞ்சூடு. விரலின் சூடு.

கையை உதறிவிட்டு ஓடியிருப்பான். ஆனால் மேலே யதுஷா இருந்தாள். கிளிப்பை உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"நில்லு. ஐயோ, நில்லன்... அவளுக்காகக் கேக்கிறன்..." என்று அதனிடம் கெஞ்சினான்.

நசுக்கினான்.

முப்பத்தொன்று.

"இறங்குது! விடாதேயும் தம்பி!" சிவானந்தனின் குரல் கீச்சிட்டது.

இரண்டு கையாலும் நசுக்கினான்.

பதினெட்டு...

ஒன்பது...

கோடு.

அலாரம் அலறியது. குழு கைதட்டியது.

தர்ஷன் அந்த மெஷினையே தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஓடி ஏறினான். வார்ட் வாசலில் நேர்ஸ் புளோறன்ஸ் நின்றாள். மெஷினைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இப்பதான் தம்பி... இப்ப ஒரு நிமிஷம் முந்தி."

அவன் மெஷினைக் கீழே வைக்கவில்லை.

"மத்தியானத்துல இருந்து ஒரே பேச்சு. விரல்ல யாரோ கிளிப் மாட்டியிருக்காங்க, கழட்டுங்கன்னு. நான் பாத்தேன், வெறும் விரல். கடைசியில நசுக்கிறாங்க, நசுக்கிறாங்கன்னு..."

புளோறன்ஸ் போர்வையை விலக்கி யதுஷாவின் வலக் கையை எடுத்துக் காட்டினாள். சுட்டுவிரலின் நுனி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நீலம் பாரித்திருந்தது.

பன்னிரண்டு மெஷின்களும் தேறின.