படுத்துக்கொண்டே துப்பறிந்தோம்

என்னுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரே சமயத்தில் வேலையை விட்டு நின்றுகொண்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை எனக்கு. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி மாடியில் நான்கு மணி நேரம் என் ரத்தம் மட்டும் வெளியே போய் மெஷினுக்குள் குளித்துவிட்டு வரும். நான் கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

எங்கள் அறையில் மூன்று கட்டில்கள். ஜன்னலோரக் கட்டில் ரிட்டயர்டு ஏட்டையாவுடையது. முப்பத்து மூன்று வருடம் போலீஸ் வேலை பார்த்தவர். மீசையை மட்டும் இன்னும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கவில்லை. நான் என்ன தொழில் செய்கிறேன் என்று தெரிந்த முதல் நாளே, தன் போஸ்டருக்கு எந்தப் படம் போட வேண்டும் என்பதை போனில் காட்டிவிட்டார். யூனிபார்மில், கமிஷனர் மாதிரி நிற்கும் படம்.

"கலர்லயே போடுங்க தம்பி. கறுப்பு வெள்ளையில அடிச்சீங்கன்னா செத்த மாதிரி இருக்கும்."

நடுக்கட்டில் வல்லத்திராக்கோட்டை அக்கா. ஐம்பது வயது இருக்கும். கடலையும் மிளகாயும் போடுகிற சம்சாரி வீடு. கையில் ஊசி குத்தும்போது நானும் ஏட்டையாவும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அக்கா மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார், நாற்று நடும் ஆள் வரிசை தப்புகிறாளா என்று பார்ப்பது போல.

சுவரில் ஒரு டிவி. ரிமோட் சிஸ்டரின் கோட்டுப் பையில். சிஸ்டருக்குப் பிடித்தது ஒரு துப்பறியும் சீரியல். முந்தின நாள் வந்ததை மத்தியானம் திரும்பவும் போடுவார்கள். ஆகவே எங்களுக்கும் அதுவே பிடித்தது. வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். நாங்கள் வராத நாட்களின் கதையை சிஸ்டர் சொல்லிவிடுவார்.

கதை இதுதான். ஒரு ரைஸ்மில் முதலாளி நெல் அவிக்கும் தொட்டியில் பிணமாகக் கிடக்கிறார். சந்தேகப்பட ஐந்து பேர். இரண்டாம் மனைவி, தம்பி, கணக்குப்பிள்ளை, டிரைவர், டாக்டருக்குப் படித்த மருமகன். ஐந்து பேரும் எப்போது பார்த்தாலும் ஜன்னலைப் பார்த்தே பேசுவார்கள்.

ஏட்டையாவுக்கு முதல் வாரமே முடிவு தெரிந்துவிட்டது. "டிரைவர்தான். என் சர்வீஸ்ல டிரைவர் சம்பந்தப்படாத கேஸே கிடையாது."

"ஏட்டையா, நீங்களும் ஜீப்பு ஓட்டுனவுகதான," என்றார் அக்கா.

என் கட்சி கணக்குப்பிள்ளை. அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை ஒரு காட்சியில் காட்டினார்கள். அதில் இருபது வருடம் வேலை பார்த்த கணக்குப்பிள்ளையின் பெயர் எங்குமே இல்லை. எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டியதில்லை. ஒரு தாய்மாமன் பெயரை எழுத்துச் சின்னதாகப் போட்டதற்கு என் கடை ஷட்டரை உடைத்திருக்கிறார்கள்.

அக்கா யாரையும் உடனே குற்றம் சொல்லமாட்டார். ஒரு நாள் மூன்று பேரும் இரண்டாம் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். புருஷன் செத்த அன்று அவள் தலையில் மல்லிகைப்பூ கொஞ்சமும் கலையவில்லை என்றார் சிஸ்டர். சந்தேகமே இல்லை, இவளும் கூட்டு என்றார் ஏட்டையா. அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அவ இல்ல. அன்னைக்கிச் சாயந்திரம் அடுப்படியக் காட்டுனான்ல, அரிசியும் உளுந்தும் ஊறிக் கெடந்துச்சு. புருசன ராவுல தொட்டியில தள்ளப்போறவ, மறுநாளைக்கி இட்லிக்கு ஊறப்போடுவாளா?"

"அதுவே ஒரு தந்திரமா இருக்கலாம்ல தாயி."

"அரைக்கப்போறது அவதான ஏட்டையா. எந்தப் பொம்பள தந்திரத்துக்காகக் கிரைண்டரக் கழுவுவா?"

மூன்று வாரம் கழித்து சீரியல் அவளை விடுதலை செய்தது. வேறு ஏதோ காரணம் சொன்னார்கள். அக்காவின் காரணமே நன்றாக இருந்தது.

அந்த மூளை சீரியலோடு நின்றால் பரவாயில்லை. கட்டிலில் ஏறும் முன்பு எங்களை எடை பார்ப்பார்கள். எங்களுக்கு மூத்திரம் போகாது; இரண்டு நாளில் குடித்ததெல்லாம் எடையாக நிற்கும். பொய் சொல்லவே வழியில்லாத மெஷின் அது.

"மூணே முக்கா கிலோ கூடியிருக்கு ஏட்டையா. எங்கிட்டுப் போயி என்ன குடிச்சீங்க?" என்பார் அக்கா.

"ரெண்டு மடக்கு மோருதான் தாயி."

"ரெண்டு மடக்கு மோரு மூணே முக்கா கிலோவா? மாட்டையும் சேத்து முழுங்குனீங்களா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, கதையில் மருமகனின் ரகசியம் ஒன்று வெளியே வந்தது. அவன் தன் மனைவியின் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறான், அவளிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான். இவன்தான் கொலைகாரன் என்று எனக்கும் சிஸ்டருக்கும் ஒரே குரல். ஏட்டையா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சும்மா சொல்லாதீங்க. அவன் நல்லதுக்குத்தான் மறைக்கிறான். வீட்டுல எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?"

அக்கா அன்றுதான் முதல் தடவையாக டிவியை விட்டுவிட்டு ஏட்டையாவைப் பார்த்தார்.

ஏட்டையாவை வழக்கமாக அவருடைய மருமகன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அடுத்த வாரம் மருமகன் வெளியூர் போயிருந்ததால் வீட்டம்மா கூட வந்தார். ஒல்லியான, அமைதியான அம்மா. கையில் குடையும் மஞ்சள் பையும். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, ஏட்டையாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா விசாரணையை ஆரம்பித்தார். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, முட்டிவலிக்கு என்ன தைலம் என்று சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில், "ஒங்களுக்கு என்ன குரூப்புங்க?" என்றார்.

"எனக்கு ஓ பாசிட்டிவ்வுங்க. ஒரு கிட்னி குடுக்குறேன்னுதான் சொன்னேன். குரூப்பு சேரலன்னு திருச்சி டாக்டரு சொல்லிட்டாராம். இவுகதான் வந்து சொன்னாக. நமக்குக் குடுத்து வைக்கல."

ஓ குரூப்காரர் யாருக்கும் கொடுக்கலாம் என்பது டயாலிசிஸ் வார்டில் கட்டில்காலுக்குக்கூடத் தெரியும். மனைவி தரத் தயார், குரூப்தான் சேரவில்லை என்று ஏட்டையா எங்களிடம் எத்தனையோ தடவை பெருமூச்சு விட்டிருக்கிறார். நான் கூரையைப் பார்த்தேன். ஏட்டையாவின் பிரஷர் மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"என்ன ஏட்டையா, நூத்தித் தொண்ணூறு காட்டுது?" என்று சிஸ்டர் ஓடி வந்தார்.

"சீரியல் பாத்தா அவருக்கு அப்படித்தான்," என்றார் அக்கா. டிவியில் அப்போது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டம்மா கீழே டீ குடிக்கப் போனதும் அக்கா திரும்பிப் படுத்தார்.

"சொல்லுங்க. திருச்சிக்குப் போனீங்களா, இல்லியா?"

"போனேன் தாயி. சேரும்னுதான் சொன்னாரு. அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா எனக்குச் சோறு போட யாரு இருக்கா? அதான்."

"அது இல்ல."

"ஒண்ணக் குடுத்துட்டு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. கொழம்புல உப்பு இல்லன்னுகூட நான் வாயத் தொறக்க முடியாது."

"அதுவும் இல்ல."

ஏட்டையா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். சீரியலில் வருகிற ஆட்கள் ஏன் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"மூத்தவ பொறக்கும்போது அவளுக்குப் பெரிய ஆபரேசன். பத்து நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. நான் பந்தோபஸ்து டூட்டின்னு போயிப் பாக்கவே இல்ல. இன்னொரு தடவ எனக்காகக் கத்தி வைக்கச் சொல்லவா?"

எனக்கு அது போதும். அக்காவுக்குப் போதவில்லை.

"இது நெசந்தான். ஆனாலும் இது காரணம் இல்ல. காரணம் ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணத்தான் சொல்லுவான். நாலாவதச் சொல்லுங்க."

முப்பத்து மூன்று வருடம் அடுத்தவனை இப்படிக் கேட்டவர் அவர். இப்போது ஓட முடியாமல் கையில் இரண்டு ஊசியோடு படுத்திருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு தாயி. அவளுக்கு இல்ல, எனக்கு. மயக்க ஊசி போட்டா முழிக்காமப் போயிருவேனோன்னு பயம். திருச்சியில அந்த டாக்டரு பேசி முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். வீட்டுல எப்படிச் சொல்றது? ஊருல என்னப் பாத்தாலே நாயி கொலைக்காது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்குள் அவரே வீட்டில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தான் சொல்லப்போவதாக அக்கா கெடு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஏட்டையா வந்தார். சொல்லிவிட்டாராம்.

"அருவாமனையில கத்திரிக்கா அரிஞ்சுக்கிட்டு இருந்தா. அந்த நேரத்துல சொன்னது என் தப்பு."

"திட்டுனாகளா?"

"திட்டியிருந்தாப் பரவாயில்லயே. சனிக்கெழம ராவு பூராப் பேச்சே இல்ல. முந்தாநாளு சாப்பாட்டத் தட்டுல வச்சுட்டு, திங்கக்கெழம திருச்சி போறோம், சட்டையத் தேச்சு வச்சிருக்கேன்னா. நேத்துப் போனோம்."

ரிப்போர்ட் வந்தது. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. எத்தனை வருடமாக இருக்கிறதோ, யாரும் பார்க்கவில்லை. சிறுநீரகம் கொடுக்க லாயக்கில்லை என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைச் சொல்லும்போது ஏட்டையா முகத்தில் நிம்மதிதான் முதலில் வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. போர்வையை முகத்துக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டார். போர்வை குலுங்குவதைப் பார்த்து, ஊசி நகர்ந்துவிடும் என்று சிஸ்டர் அதட்டினார்.

அதன் பிறகு வீட்டம்மா வாராவாரம் கூட வர ஆரம்பித்தார். அக்காவிடம் சண்டைக்கு வருவார் என்று நான் பயந்திருந்தேன். அவரோ அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, "நீங்க நோண்டலன்னா எனக்குச் சக்கரை இருக்குறதே தெரிஞ்சிருக்காதுங்க," என்றார். ஏட்டையா பக்கம் திரும்பாமலே, "பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா," என்றும் சொன்னார். ஏட்டையா சீரியலை மிகக் கவனமாகப் பார்த்தார்.

சீரியல் அந்த மாதம் முடிந்தது. கொன்றது டிரைவரும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. முதலாளிக்குச் சிங்கப்பூரில் ஓர் இரட்டைச் சகோதரன் இருந்தானாம். கடைசி எபிசோடில் விமானத்திலிருந்து இறங்கி, நான்தான் கொன்றேன் என்றான். ஏன் என்று அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. சிஸ்டர் ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தார்.

"இத்தன நாளா நம்மதான் மூளையச் செலவழிச்சிருக்கோம்," என்றார் அக்கா. "எழுதுன ஆளு செலவழிக்கல."

அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானும் அக்காவும் ஒரே ஆட்டோவில் போனோம். ஏட்டையா பொய் சொல்கிறார் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அக்கா முந்தானையால் கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டை மூடிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே குரூப்பு தம்பி. அவரு பொய்யெல்லாம் சொல்லல. தர முடியாதுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. அதுல இருந்து, எவனாவது வீட்டம்மாவப் பத்திப் பேசுனா காது தானா அங்கிட்டுப் போயிருது."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரை ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னார்.

ஏட்டையாவின் பெயர் இப்போது இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறக் காத்திருப்பவர்களின் பட்டியலில் இருக்கிறது. வீட்டம்மாதான் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். போன் வந்தால் போவீர்களா என்று போன வாரம் கேட்டேன். "போகாம? அவ விடுவாளா?" என்றார். எடை அன்று ஒன்றரை கிலோதான் கூடியிருந்தது. வீட்டில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மாவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம்.