சென்னியப்பண்ணனின் இடது கை

செய்தி வந்தபோது நான் சென்னியப்பண்ணன் மேல் கடுப்பில் இருந்தேன். கன்டெய்னர் லாரி எங்கள் பனியன் கம்பெனி கேட்டில் நின்றது. கட்டிய அட்டைப்பெட்டிகள், மேலே எழுத்தும் எண்ணும் அடிக்கும் மார்க் போடாமல் பேக்கிங் ஹாலை அடைத்துக்கொண்டிருந்தன. லேட்டாக வந்தே பழக்கமில்லாத மனிதர் அன்று பார்த்து வரவில்லை. போன் செய்தேன். எடுத்தது அவர் மனைவி சரஸ்வதி அக்கா. "குளிக்கப் போனவரு அப்படியே உட்கார்ந்துட்டாருங்க. ஆள் போயிட்டாருங்க அம்மிணி," என்றார். அவர் குரலில் அழுகைகூட இல்லை.

லாரியை நிறுத்தி வைக்க முடியாது. அவருடைய ஸ்ப்ரே டப்பாவை நானே எடுத்தேன். எழுத்து வெட்டிய ஸ்டென்சில் தகட்டைப் பெட்டி மேல் வைத்து, டப்பாவைக் குலுக்கி அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே கறுப்பு சீராக வந்தது. ஒரு சொட்டுகூடச் சிதறவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவர் துடைத்து வைத்துவிட்டுப் போன நாசில், பெயிண்ட் பீறும் வாய், அது. ஆள் இல்லாமல் போன பிறகும் அவர் செய்த வேலை என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எல்லாப் பெட்டிக்கும் மார்க் போட்டு லாரியை அனுப்பிவிட்டுத்தான் அழுதேன்.

ஒரு காலத்தில் அவரோடு பேக்கிங்கில் நின்ற உங்களுக்கு அவருடைய டப்பாப் பைத்தியம் தெரியாததல்ல. நாம் எல்லோரும் திட்டு வாங்கியிருக்கிறோம். ஒரு முறை நாசில் அடைத்துக்கொண்டது என்று நான் குண்டூசியை விட்டுக் குடைந்தேன். டப்பாவைப் பிடுங்கியே விட்டார். "ஊசி உட்டா ஓட்டை பெருசாப் போயிருமுங்க. அப்புறம் அது அடிக்காது, துப்பும்," என்றார். நாசிலைக் கழற்றி, பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போட்டார். ஊறியதும் எடுத்து ஊதி மாட்டினார். அந்த பாட்டிலுக்குள் ஏற்கெனவே கிடந்த நாசில்கள் பிடுங்கிப் போட்ட பற்களைப் போலத் தெரியும். நான் அதன் பக்கம் போகவே மாட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வார்.

வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, பெயிண்ட் நின்று வெறும் காற்று வரும்வரை அடித்துவிட்டுத்தான் கிளம்புவார். பழைய அட்டையில் அடியுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நாளெல்லாம் நின்ற முழங்கால் வலிக்கு, மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் இடது கையை ஊன்றிக்கொண்டு, அந்தக் கைக்குப் பக்கத்திலேயே அடிப்பார். தினமும் அதே இடம்தான். வருஷக்கணக்கில் படிந்து சுவர் கறுத்தது. கை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்தால் ஓரடி பின்னால் நகர்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கையை வைத்து அழுத்துவது போல இருக்கும்.

பிறகு ஊரில் கிணற்று மோட்டார் பெல்ட்டில் அவருடைய இடது சுண்டு விரல் போனது. ஆறி வேலைக்குத் திரும்பியவர் அதே இடத்தில் கையை ஊன்றினார். கையில் விரல் நான்கு, சுவரில் ஐந்து. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ சுவரிலிருந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு நாள் டீ நேரத்தில் சொன்னார்: "இல்லாத விரல் இன்னும் வலிக்குதுங்க அம்மிணி. ஆனா அங்க கறுப்பு ஏற ஏற இங்க வலி குறையுதுங்க. சுத்தமா மூடிட்டா நின்னுரும்னு நினைக்கிறேன்." டாக்டரிடம் காட்டச் சொன்னேன். சிரித்தார். விரல் இல்லாத இடத்தில் இப்போது பெயிண்ட் விழுந்ததால் சுவரிலிருந்த விரல் முதலில் பழுப்பாயிற்று, பிறகு சாம்பலாயிற்று. அவர் இறப்பதற்கு முந்தின வாரம், "நேத்துலிருந்து வலி இல்லீங்க," என்றார். திரும்பிப் பார்த்தேன். சுவரில் விரல் இல்லை.

அவர் போன பிறகு மார்க் போடும் வேலைக்கு ஒடிசாக்காரர் பிகாஷ் வந்தார். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் அந்தச் சுவர்ப் பக்கம் டப்பாவைத் திருப்ப மாட்டேன் என்றார். வேறு எங்கும் அடிக்கவும் யாரும் துணியவில்லை. அவருடைய டப்பாவை அவருடைய இடத்தில்தான் கவிழ்த்து அடிக்க வேண்டும் என்று ஹாலில் எப்படியோ ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அங்கே அடித்தால் கை மறைந்துவிடும், அந்தப் பாவம் நமக்கெதற்கு என்றும் ஒரு பேச்சு. ஆக, யாரும் சுத்தம் செய்யாமல் நாசில்கள் அடைத்துக்கொண்டன, பெட்டிகளில் எழுத்துகள் வழிந்தன. இந்தப் பேச்சு ஓயட்டும் என்று மேனேஜர் ஹால் முழுக்க வெள்ளையடிக்கச் சொன்னார். எனக்கோ அந்தக் கையை விட மனமில்லை. அவருடையது என்று இங்கே மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

அவருடைய பொருள்களை எடுத்துப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி அக்கா வந்தார். சுவரின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு தன் உள்ளங்கையை அந்த வெள்ளைக் கை மேல் வைத்து, "சூடா இருக்குதுங்க," என்றார். சுவருக்குப் பின்னால் அயர்னிங் செக்‌ஷனின் நீராவிக் குழாய் போகிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை பாய்லர் ஓடாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தினமும் கனவுல வந்து கை வலிக்குதுங்கறாருங்க. அந்த விரலு வலி எப்படி நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க. வெள்ளை அடிச்சா அவரு அதுக்கு அடியிலயே கிடப்பாரு. அவரு டப்பாவுலயே மூடி உட்டுருங்க அம்மிணி," என்றார். அப்போதுதான் அக்கா அழுதார். எனக்கு வேண்டும் என்று நான் நினைத்திருந்த அந்தக் கை அண்ணனுக்கு வலித்துக்கொண்டிருக்கிறதோ என்ற எண்ணம் வந்ததும், சரி என்றுவிட்டேன்.

மேனேஜரிடம் கேட்டு அந்தச் சுவரை மட்டும் விட்டுவைக்கச் செய்தேன். தினமும் வேலை முடிந்ததும் நானே டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து, காற்று வரும்வரை அந்தக் கை மேல் அடிக்கிறேன். ஒரேயடியாக மூடிவிட மனம் வரவில்லை. விரல்கள் போய்விட்டன, உள்ளங்கை சாம்பலாகிவிட்டது. சரஸ்வதி அக்காவின் கனவில் அவர் இப்போது பேசாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். நாசில்கள் அடைப்பதில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்தச் சாயங்கால வேலைதான். நேற்று அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கவனித்தேன். இத்தனை நாளும் டப்பாவைக் கவிழ்க்கும்போது என்னையறியாமல் நானும் இடது கையைச் சுவரில் ஊன்றியிருக்கிறேன். அவருடைய கைக்குப் பக்கத்தில், கறுப்பு எட்டாதிருந்த ஓரத்தில், கொஞ்சம் சிறியதாக, ஐந்து விரல்களோடு இன்னொரு கை வெள்ளையாகத் தெரியத் தொடங்கியிருக்கிறது. பயமாகத்தான் இருந்தது. இன்றும் அதே இடத்தில்தான் ஊன்றினேன்.