சந்திரமோகன் கேட்ட ஒரு வரி

கொழும்பில் ஓர் இணைய நிறுவனம் தன் தவறைச் சந்திரமோகனின் தலையில் சுமத்தியது. அதை இறக்கிவைக்காமலே அவர் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மச்சான் அழைத்தார். "மாரடைப்புங்க. முடிஞ்சிருச்சு." அவ்வளவுதான் செய்தி.

பண்டாரவளைக் கடையில் நானும் அவரும் ஆறு வருடங்கள் கணினி திருத்தினோம். உடைந்த மடிக்கணினி ஒன்றின் உள்பலகையை எடுத்து, லொறி பெட்டரியில் ஓடும் சர்வராக்கியவர் அவர். "பல்பு குடிக்கிற கரண்டுகூட இது குடிக்காது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடிப்பார். வெள்ளிக்கிழமைகளில் அட்டை கொடுக்கும் பதுளை அரசாங்கக் கந்தோருக்குப் போய், யார் யாருக்கு அடையாள அட்டை வந்திருக்கிறது என்று எழுதிவந்து அதில் ஏற்றுவார். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பக்கத்து டவுன் இணையக் கடையில் பார்த்துக்கொள்வார்கள். வேலையை விட்டு வீணாக அலைய வேண்டாம்.

அது சோதனைச் சாவடிகளின் காலம்; அடையாள அட்டை இல்லாவிட்டால் பிடித்துவிடுவார்கள். ஒரு வெள்ளியன்று வேறொரு நிறுவனம் எங்கள் சர்வரின் இணைய முகவரிகளைத் தன்னுடையவை என்று தவறாக அறிவித்தது. எங்களுக்கு இணைப்புத் தந்த கொழும்பு நிறுவனம், உண்மையா என்று பார்க்காமலே அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு நாள் எங்கள் பட்டியலைத் தேடியவர்கள் வேறெங்கோ போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். தோட்டத்து ராஜுவும் தேடினார். அட்டை வரவில்லை என்று நினைத்து, அது இல்லாமலே கொழும்பு வேலைக்குப் பஸ் ஏறினார். வழியில் பிடித்தார்கள். பதினொரு நாள் உள்ளே. அட்டை பதுளையில் கிடந்தது.

ராஜுவின் மனைவி பார்வதி எங்கள் கடைக்கு வந்து சத்தம் போட்டார்.

"ஒங்க பெட்டி செத்துப்போச்சாமே!"

"பெட்டி சாகலீங்க அக்கா. பெரகல சந்தியில எவனாச்சும் வழி காட்டுற பலகையத் திருப்பி வச்சா, பதுளை பஸ் எங்க போகும்?" என்றார் சந்திரமோகன்.

"வெல்லவாயவுக்குப் போகும். ஏன், டிரைவருக்குக் கண்ணு இல்லையா?"

"அதைத்தான் அக்கா நானும் கொழும்புக்காரன்கிட்ட கேக்குறேன்."

கொழும்பு நிறுவனத்தின் பதில் வந்தது: உங்கள் சர்வர் நின்றது. நின்றது உண்மை, நான்கு நிமிடம். பெட்டரி போய்விட்டதென்று நினைத்து, சந்திரமோகனைக் கேட்காமல் மாற்றியவன் நான். இரண்டு நாள் தவறை அந்த நான்கு நிமிடத்துக்குள் ஒளித்தார்கள். பாதை மாறியதைக் காட்டும் தாள்களை அவர் மூன்று தடவை அனுப்பினார். "தவறு எங்களுடையது" என்று ஒரே ஒரு வரி எழுதித்தரச் சொன்னார். என்னை ஏசவில்லை. "நீ பெட்டரிய மாத்துன, அவனுங்க கதையையே மாத்திட்டானுங்க" என்றார், அவ்வளவுதான்.

சாவு வீட்டில் ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசன். அந்தப் பெட்டி மட்டும் அன்னைக்கி நிக்காம இருந்திருந்தா..." பார்வதி அக்கா மட்டும்தான் திருப்பிக் கேட்டார்: "தெரியாம எதுக்குங்க பேசுறீங்க?"

அந்தத் தாள்களும், விடாமல் கேட்கும் பிடிவாதமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. நேற்று நான்காவது தடவையாக அனுப்பிவிட்டுக் கொழும்பு நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்டேன்: அந்த ஒரு வரியை எழுதி, கையெழுத்து வைத்து, சந்திரமோகனுடைய மனைவிக்கு அனுப்புங்கள். லைனில் இருக்கச் சொன்னார்கள். பிறகு யாரும் வரவில்லை.